லூர்து மேரி திரும்பவில்லை

1

இந்தக் கதைக்கு விதை என் இருமல். 2011-இல் திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதிலே இல்லை. என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் டாக்டர் தேவநாதனின் மனமும்...

(வேண்டாம். திண்டிவனத்தில் இவ்வளவு மழை என் கதைகளில் மட்டும்தான் பெய்கிறது.)

தேவநாதன் பொது மருத்துவர். காய்ச்சல், பேதி, தேள்கடி என்று காலம் தள்ளியவர், போன ஞாயிறு சென்னையில் ஆட்டிசம் பற்றிய வகுப்புக்குப் போய்வந்தார். (பிரியாணிக்காகப் போனார் என்று எழுதி அடித்துவிட்டேன். நல்ல மனிதர், பாவம்.) வகுப்பில் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ‘பேச்சு லேட்டாத்தான் வரும்’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது இருந்ததோ! இனி ஒரு குழந்தையையும் தவறவிடக் கூடாது. இல்லாததை இருக்கிறதென்று சொல்லி ஒரு தாயை அழவைக்கவும் கூடாது.

3

கிளியனூர் சகாய பிரியா இரண்டு வயது மகளைத் தூக்கி வந்தது சளிக்காக. இன்னும் பேச்சு வரவில்லை என்பதைப் போகிற போக்கில்தான் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா என்று பார், வகுப்பில் சொன்ன முதல் சோதனை அதுதான். சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“லூர்து மேரி!”

குழந்தை மின்விசிறியையே பார்த்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். ஊஹூம். தாயிடம் எப்படிச் சொல்வதென்று அவர் வார்த்தை தேடத் தொடங்கினார்.

“அது ஞானஸ்நானத்துக்கு வச்ச பேரு சார். எங்க மாமியார் பேரு. மாமியார் பேரச் சொல்லிப் புள்ளைய அதட்ட முடியுமா? வூட்ல இவ வெனிலா.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க எங்க கேட்டீங்க? சளின்னு வந்தா, பேர வச்சி ஏலம் வுட்டுக்கினு இருக்கீங்க.”

4

“வெனிலா!” என்றாள் தாய்.

முடிவு அ: திரும்பவில்லை. தேவநாதன் கண்ணாடியைக் கழற்றி...

(எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: திரும்பினாள். டாக்டர் மூச்சு விட்டார். சளிக்கு மருந்து எழுதினார். அடுத்த டோக்கனுக்கு மணியடிக்கக் கையை நீட்டினார். (அடுத்த டோக்கன் நான். எனக்கு இந்த முடிவுதான் வசதி.)

ஆனால் பிரியா வாயை மூடவில்லை.

“பேச்சுதான் இல்ல சார், அறிவு கெட்டி. ஃபேன் வேணும்னா அழ மாட்டா, என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டா. என் கையப் புடிச்சி இஸ்த்துக்கினு போயி சுவிட்சு மேல வச்சிடுவா!”

மணிக்குப் போன கை நின்றது. முகம் பார்க்காமல் கையை மட்டும் இழுப்பதும் வகுப்பில் சொன்ன அறிகுறிதான். பெயருக்குத் திரும்பாததை வைத்து ஒன்றைச் சொல்லப் பார்த்தார். திரும்பியதை வைத்து அனுப்பவும் பார்த்தாரே!

“உக்காருங்கம்மா.”

“பஸ்சு பூடும் சார்.”

“அடுத்த பஸ்சுல போங்க. காக்கா, நாயி எதையாச்சும் பாத்தா, உங்களுக்கு விரல் நீட்டிக் காட்டுவாளா?”

“அதெல்லாம்...” பிரியா யோசித்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. “இன்னா சார், எதனா பேஜாரா?”

“இன்னிக்கே எதுவும் சொல்ல மாட்டேன். விழுப்புரத்துல குழந்தைங்க டாக்டர் ஒருத்தர் இருக்காரு, அவரும் பொறுமையா பாக்கட்டும். அதுக்கு முன்னாடி நான் ஒழுங்கா பாக்கறேன்.”

5

டாக்டர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தார். முட்டி கடகடத்தது. சுவரைச் சுட்டி, “வெனிலா, அங்க பாரு, பல்லி!” என்றார்.

பிரியா பார்த்தாள். திரையை விலக்கி நானும் பார்த்தேன். நிஜமாகவே பல்லி.

வாசகரே, நீங்களாவது சுவரைப் பார்க்காதீர்கள். விரல் காட்டிய பக்கம் குழந்தை பார்க்கிறதா என்று பாருங்கள். அவசரமே இல்லை, என் இருமல் காத்திருக்கும்.