பச்சை நாற்காலியில் நான் அலறாத கதை

1

என் பெயர் சேந்தன். வயது இருபத்தாறு. செக் நாட்டில், பர்னோ நகரத்தில், பழைய நாற்காலிகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் குரோம் பாலிஷ். அதனால் போனைத் தொடாமல் அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது எழுதிக்கொண்டிருக்கிறது.

பூங்கோதை அக்கா, இதை முதலில் நீ வாசி. பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அவர் கேட்கப்போகிறார் என்பதால்தான் செய்தி வாசிப்பவர் மாதிரி நல்ல தமிழில் பேசுகிறேன். பக்கத்தில் வேலை செய்கிறவர் நான் யாரையோ திட்டுவதாக நினைத்து ரேடியோவைக் குறைத்துவிட்டார்.

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. 'அப்பா, ஹெத்விகா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். ஒரு வரி என்றால் அப்பா ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். கதை என்றால் முடிவுவரை கேட்பார்.

(பார், முக்கியமான விஷயத்தை முதல் பக்கத்திலேயே உடைத்துவிட்டேன். கதை எழுதத் தெரிந்தவர்கள் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.)

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'இளவெயிலில் மலைச்சரிவு பொன்னாக மின்ன, அந்த இரு காதலர்களும்...'

இல்லை. மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஹெத்விகாவின் அப்பா அம்மாவுடைய தோட்டவீட்டுக்கு நடந்து போவதற்குள் என் சாக்ஸ் நனைந்துவிட்டது.

இரண்டாவது முயற்சி:

'பெண்ணின் தந்தை லுபோமிர் கொடூரமானவர். முறுக்கு மீசையைத் தடவியபடி அவர்...'

இதை ஹெத்விகாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு மீசையே கிடையாதே!"

"கதைக்கு வேணும்."

"அப்ப நீ வச்சுக்கோ. உனக்குத்தான் வளரவே மாட்டேங்குது."

மீசையை எடுத்தேன். மீசையோடு கொடூரமும் போய்விட்டது. மிஞ்சியவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், காலில் கம்பளிச் செருப்பு, எப்போது சிரிக்கலாம் என்று காத்திருக்கிற முகம். இவரை வைத்துக்கொண்டு எப்படிப் பயமுறுத்துவது? ஆனால் அக்கா, நான் பயந்தேன். அதை எப்படி எழுதுவது என்றுதான்...

சரி, விடு. நாற்காலிக்கு வருகிறேன்.

3

நம் வீட்டில் அப்பா டிவி பார்க்க உட்காருகிற ஒயர் சேர் இருக்கிறதே, இரும்புக் குழாயில் நீலமும் வெள்ளையுமாகப் பின்னியது, அதை நினைத்துக்கொள். அதன் பின்னங்கால் இரண்டையும் மனதுக்குள் அறுத்துவிடு. விழவில்லை! ஏனென்றால் எங்கள் பட்டறைக்கு வருகிற நாற்காலி ஒரே குழாய். முன்னங்காலாக இறங்கி, தரையில் பின்பக்கம் ஓடி, வளைந்து திரும்பி, மறுபடி முன்னால் வந்து மேலே ஏறுகிறது. உட்கார்ந்தால் மெல்ல ஆடும். அடியில் வெறும் காற்று. ஏறக்குறைய தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் செய்தது, பார்த்தால் நாளைக்குச் செய்யப்போகிறது போல இருக்கும். ஒவ்வொன்றைத் தொடும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வேலை பார்க்கிற இடத்தில் ஒருவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று பட்டறையில் கேலி செய்கிறார்கள்.

எந்த நாற்காலி வந்தாலும் எங்கள் முதல் வேலை கவிழ்த்துப் பார்ப்பது. செய்தவர்களின் முத்திரை அடியில் இருக்கும். யோசிக்கவே மாட்டோம். கை தானாகப் போகும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதை மறந்துவிடாதே. என் கல்யாணம் இதில்தான் இடறியது.)

4

இங்கே பட்டணத்து வீட்டில் எது பழசானாலும் தூக்கிப் போட மாட்டார்கள். தோட்டவீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் யர்மிலாவின் பிறந்த வீட்டிலிருந்த இதே மாதிரி நாலு குரோம் நாற்காலிகள் அந்தத் தோட்டவீட்டுக்கு வந்தன. யர்மிலா ஹெத்விகாவின் அம்மா. லுபோமிர் ஒரு வருடம் வேலிக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். பெயின்ட் மீந்துவிட்டது. மீந்த பெயின்டை வீணாக்குவது இவர்கள் ரத்தத்திலேயே கிடையாது. தண்ணீர்த் தொட்டி பச்சை, கோழிக்கூடு பச்சை, கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்த நாற்காலிகளும் பச்சை.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு சடங்கு. புதிதாக வருகிறவரைப் பச்சை நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். அவர் சாய்வார், நாற்காலி அமுங்கும், கால் உடைந்துவிட்டது என்று நினைத்து அலறுவார். வீடே சிரிக்கும். லுபோமிர் பிளம் பிராந்தி ஊற்றுவார். அதோடு அவர் வீட்டு மனிதர். ஹெத்விகாவின் அக்கா புருஷன் போட்ட கூச்சலை இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். ஒரே விதி, வருகிறவருக்கு முன்னால் சொல்லக் கூடாது. ஹெத்விகா எனக்குச் சொல்லவில்லை.

"அந்தப் பச்சை சேர்ல உக்காரு தம்பி," என்றார் லுபோமிர். "நல்லா சாஞ்சு உக்காரு."

யர்மிலா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். பிராந்திப் புட்டி ஏற்கெனவே மேஜைமேல் இருந்தது.

நான் நாற்காலியைப் பார்த்தேன். பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது, ஆனால் அந்த வளைவு! நான் உட்காரவில்லை அக்கா. வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டேன்.

"என்னப்பா, மூட்டைப்பூச்சி தேடுறியா?"

"இல்லைங்க... முத்திரை..."

"எங்க வீட்லயா மூட்டைப்பூச்சி?" என்றார் யர்மிலா. கரண்டி கொஞ்சம் உயர்ந்தது.

அவசரமாக நிமிர்த்தி உட்கார்ந்தேன். சாய்ந்தேன். ஆடியது. ஆனந்தத்தில் இன்னும் இரண்டு தரம் ஆடினேன். "அருமையா அமுங்குதுங்க!" என்று பாராட்டு வேறு.

பட்டாசு நமத்துப்போனால் கொளுத்தியவர் முகம் எப்படி இருக்கும்? லுபோமிர் பிராந்திப் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"கத்தியிருக்கலாம்ல?" என்று ஹெத்விகா காதில் சொன்னாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அது கத்தலா? நாடகம்!"

5

இந்த இடத்தில் கதையை மாற்றலாம். மாற்றியும் பார்த்தேன்.

அ) சேந்தன் அலறி விழுகிறான். எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள். ('பொய்' என்று ஹெத்விகா அடித்துவிட்டாள்.)

ஆ) சேந்தன் நகத்தால் பச்சையைச் சுரண்டுகிறான். உள்ளே குரோம் பளீரென்று மின்ன, லுபோமிர் கண்கலங்கி...

லுபோமிர் கலங்குகிற ஆள் இல்லை. "இதுக்கு அடியில குரோம் இருக்குங்க" என்று நான் சொன்னது மட்டும் உண்மை.

"அடியில என்ன இருந்தா எனக்கென்ன? மேல இருக்கிறது நான் அடிச்சது. எத்தனை மழை பாத்திருக்கு, எங்கயாவது துரு காட்டு பாப்போம்."

துரு இல்லை. குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன். பன்றிக்கறி, முட்டைக்கோஸ், மாவு உருண்டை. யர்மிலாதான் பாவம் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

"உங்க வீட்ல என்ன சொல்றாங்க, எங்க பொண்ணப் பத்தி?"

"இன்னும் சொல்லலைங்க."

லுபோமிர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வந்த வீட்டுச் சேரைக் கவுத்துப் பாக்கத் தைரியம் இருக்கு. பெத்த அப்பாகிட்டப் பேச இல்லையா?"

(இந்த வரியை நான் எழுதவில்லை. அவர் சொன்னது. இதைவிட நல்ல வரி எனக்கு வரவும் இல்லை.)

6

மழை விட்டது. ஊறுகாய்க்கு வெள்ளரிக்காய் பறித்துவரச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார்கள். என்னை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை போலிருக்கிறது. திரும்பிப் போகிற பஸ்ஸில் ஹெத்விகாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே பாத்திக்குப் போனேன்.

பாத்தியைச் சுற்றிப் பலகை. மேலே குளிர் தாங்க ஒரு கண்ணாடி, கட்டை கொடுத்து நிமிர்த்தியிருந்தது. கையை உள்ளே விட்டேன். கண்ணாடி விளிம்பு விரலில் பட்டது. வழுவழுவென்று இருந்தது. ஜன்னல் கண்ணாடி இப்படி இருக்காதே? விரல் தடிமன். மூலைகள் உருண்டை. புகை நிறம். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் திராட்சை மாதிரி சிவப்பாய்க் காய்த்த செடி ஒன்று பச்சைக் குழாய்ச் சட்டத்தில் சாய்ந்து நின்றது. அதே குழாய். அதே வளைவு. அந்த நாலு நாற்காலிகளின் மேஜை அக்கா! காலாகவும் கண்ணாடியாகவும் பிரிந்து, முழுசாக, தோட்டத்தில்!

"அய்யய்யோ! அம்மாடி! ஐயோ!"

கோழிகள் சிதறின. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்று பேரும் ஓடிவந்தார்கள். லுபோமிர் செருப்புகூட இல்லாமல் சேற்றில்.

"என்னடா, பாம்பா?"

"மேஜை!" என்று வெள்ளரிக்காயைக் காட்டினேன்.

அவர் வெள்ளரிக்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "யர்மிலா, சேர்ல கத்தாதவன் வெள்ளரிக்காயப் பாத்துக் கத்துறாண்டி!"

"கத்திட்டான்ல, அது போதும்," என்று யர்மிலா புட்டி எடுக்க உள்ளே போனார்.

(அப்பா, சின்னக் குப்பிதான். மருந்து மாதிரி.)

7

இனி முடிவு. கிளம்பும்போது லுபோமிர் சொன்னார்:

"மேஜையும் சேரும் நீங்க ரெண்டு பேரும் குடிபோற வீட்டுக்குத்தான். பச்சையச் சுரண்டுறதோ வச்சுக்கிறதோ உன் பாடு. ஆனா உங்கப்பா சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் அந்தக் கண்ணாடி வெள்ளரிக்காயோடது. அப்புறம், ஒரு சேரை மட்டும் பச்சையாவே விட்டுடு."

"எதுக்குங்க?"

"உங்கப்பா வந்தா உக்கார வேணாமா?"

அலமாரியைத் திறக்கக் காத்திருக்கும் முகத்தோடு சிரித்தார்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போகிறார். இன்னொன்றில் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, 'அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்ன?' என்று...

இரண்டையும் அழித்துவிட்டேன். அது என் கையில் இல்லை. வெள்ளரிக்காய் சீசன் முடியப்போகிறது. ஹெத்விகா தினமும் 'சொல்லிட்டியா?' என்கிறாள்.

அதனால் அக்கா, உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டு அப்பா ஒயர் சேரில் சாய்ந்த பிறகு இதை அவருக்கு வாசித்துக் காட்டு. தலைப்பையும் பச்சை நாற்காலி வருகிற இடங்களையும் மட்டும் தாண்டிவிடு. அவர் இங்கே வந்து, தானாக அலற வேண்டும்.