தெரியாத மாதிரி ஒரு முகம்

1.

இந்தக் கதை என் முழங்கால் வலியில் பிறந்தது. பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். என் முறை வரும்வரை நாற்காலியில் அரைத்தூக்கம். எதிரே குழந்தைகளுக்கான சிகிச்சை அறை, கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. உள்ளே ஒரு பெண் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிச் சோப்புக் குமிழிகள் மிதந்தன. நான் விழித்துத்தான் இருந்தேன் என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்தத் தாய்..."

வேண்டாம். எந்தக் கதையில்தான் மழை பெய்யவில்லை?

அடுத்தது: "சிட்டுவுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை." இது பரவாயில்லை, இருக்கட்டும். ஆனால் வீட்டில் அதனால் எந்தக் காரியமும் நின்றுவிடவில்லை. இடது காதைச் சொறிந்தால் தாகம். தரையைக் காலால் தட்டினால் தூக்கம். மூக்கைச் சுளித்தால் சட்டை குத்துகிறது. அம்மாவுக்கு எல்லாம் அத்துப்படி. கை காதுக்குப் போகும் முன்பே டம்ளர் வந்து நிற்கும்.

(இங்கே ஓர் அப்பாவையும் வைத்திருந்தேன். என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல், வண்டியை நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.)

3.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரை அம்மா 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். மேடம் சிட்டுவைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு துளி தேன் தடவினார். நாக்கு நுனியால் தேடச் சொன்னார். சிட்டு தேடினாள். தனக்கு இப்படி ஒரு நாக்கு இருக்கிறதா என்பதுபோல் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தாள்.

பிறகு மேடம் குமிழிகள் ஊதினார். திடீரென்று சோப்புத் தண்ணீர்ப் புட்டியை இறுக்கி மூடி, முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். கடைசிக் குமிழியும் இறங்கி உடைந்தது. சிட்டு புட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னும் ஊதணுமாடா கண்ணு? மேடம், அவளுக்கு ஊதணுமாம்."

"அவ எங்க சொன்னா? நீங்கதானே சொன்னீங்க."

"எனக்குத் தெரியும் மேடம்."

"உங்க மேல தப்பே இல்ல. ஆனா எல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிட்டா அவ எதுக்குக் கேக்கணும்? கொஞ்சம் தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுக் காத்திருங்க."

"அழுவாளே."

"ரொம்ப அழுதா குடுத்துடுங்க. முதல்ல ஒரு இடைவெளி, அவ்வளவுதான். அடுத்த மாசம் ஸ்கூல்ல காதைச் சொறிஞ்சா, காது வலின்னு சொட்டு மருந்துதான் விடுவாங்க."

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் மேடம் மறுபடி குமிழி ஊதினார்; அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்தது அதைத்தான்.*

* கொட்டாவி விட்டிருக்கவும் கூடும். கதை எழுதுகிறவனுக்கு அது எதற்கு?

4.

அம்மாவின் மேல் எனக்கொரு சந்தேகம். பள்ளியில் பிள்ளை தாகத்தோடு தவிக்கக் கூடாது, அது உண்மை. ஆனால் பேச்சு வந்துவிட்டால் சிட்டு எல்லோருக்கும் புரிந்துவிடுவாள். இதுவரை அவளைப் புரிந்துகொண்டவள் ஒருத்திதான். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை.

5.

முடிவு ஒன்று: சிட்டு தெளிவாக "அம்மா" என்கிறாள். எல்லோரும் அழுகிறார்கள். எழுதி முடித்ததும் வெட்கமாகிவிட்டது. அழுகை நமக்கு, தாகம் அவளுக்கு அல்லவா?

முடிவு இரண்டு: அப்பாவுக்கு ஒருவழியாக இடம் கிடைக்கிறது. உள்ளே நுழைந்ததும், "புள்ள தண்ணி கேக்குது, பாத்துக்கிட்டு நிக்கிறியே!" என்கிறார். அவரை மறுபடியும் வண்டி பக்கம் அனுப்பிவிட்டேன்.

மிச்சம் இருப்பது இதுதான். சமையலறை, சாயும் வெயில், அம்மா கையில் டம்ளர். சிட்டு இடது காதைச் சொறிகிறாள். அம்மா தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாள்.

"என்னடா வேணும்?"

குரல் உடைகிறது. வாயைப் பொத்திக்கொள்கிறாள். எங்கிருந்தோ ஒரு குமிழி மிதந்து வருகிறது. அதை நான் அனுப்பவில்லை.

சிட்டு அம்மாவைப் பார்த்துச் சலித்து, என் பக்கம் திரும்புகிறாள். சொல் என் பேனா முனையில் நிற்கிறது. எழுதினால் கதை முடிந்தது. நானும் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

இப்போது அவள் உங்களைப் பார்க்கிறாள். காதைச் சொறிந்தால் என்னவென்று உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து காட்டிக்கொள்ளாதீர்கள். வாய் லேசாகத் திறக்கிறது. தேன் இருந்த இடத்தைத் தேடி நாக்கு நுனி மேலே போகிறது.