வேப்பிலை போட்ட ரேடியேட்டர்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நோயாளிகளை ஏற்றிப்போக இருந்தது ஒரே கார்தான். அதுவும் உலக யுத்தத்துக்கு முந்தியது. மலையேறினால் பாதியில் கொதித்து நின்றுவிடும். டிரைவர் வீரய்யா தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஆறு மாதம் மன்றாடி, ஹட்டன் மெக்கானிக் சரிபுதீனைப் பிடித்து, பெரிய ரேடியேட்டர் ஒன்றைப் பொருத்தினான்; தண்ணீரைச் சுற்றவைக்கப் பம்பும் பூட்டினான். துரை ஒன்றே ஒன்று சொன்னார்: தாமே ஏறி வருவார், உச்சிவரை போனால் கார் இருக்கும், போகாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும்.

துரையோடு ஏறிய அன்று, இரண்டாம் வளைவிலேயே கார் புகைந்தது.

வீரய்யா காரை நிறுத்தி இறங்கினான். சாக்கைச் சுற்றி மூடியை மெல்லத் திறந்தான். மஞ்சள் நீர் சீறியடித்தது. உள்ளே, தண்ணீர் இறங்கும் துவாரங்களை அடைத்துக்கொண்டு, வேப்பிலை.

அந்தக் குளிருக்கு வேம்பு முளைக்காது. திருவிழாவுக்கென்று மாத்தளையிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. யார் இப்படிக் கெடுத்தது? துரை ஓர் இலையை எடுத்துப் பார்த்து, என்ன இது என்று கேட்டார்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பூரணி, கூடையோடு சரிவில் இறங்கி வந்தாள்.

"நாந்தாங்க தொரை. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு வர்றப்ப மூடியத் தொறந்து ஊத்துனேன். அம்மை போட்டா ஒடம்புச் சூட்டுக்கு மஞ்சத்தண்ணியும் வேப்பிலையுந்தானுங்களே. இதுக்கும் சூட்டு நோவுதானேன்னு..." அவள் நிறுத்தினாள். "எம்மக உசுரு போனது இந்த வளைவுலதாங்க. இனி ஒருத்தி புள்ளையும் இங்க நிக்கக் கூடாது."

போன தை மாதம் பிரசவ வலியில் துடித்த அந்தப் பெண்ணை ஏற்றி வந்தவன் வீரய்யாதான். கார் ஆறட்டும் என்று காத்திருந்த அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. அன்றிலிருந்து பூரணி அவனோடு பேசியதில்லை. காரையும் அவனையும் சபித்துக்கொண்டிருப்பாள் என்றே நம்பியிருந்தான். அவளோ, கிடைத்தற்கரிய இலையை இதற்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

"வண்டிய எடுக்கிறதுக்கு முந்தி மூடியத் தொறந்து பாக்காதது என் தப்புங்க தொரை," என்றான். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

துரை டிக்கியிலிருந்த தகர டின்னை எடுத்துக்கொண்டு, தாமே தண்ணீர் விழும் பீலிக்கு நடந்தார். துரை தண்ணீர் சுமப்பதைத் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. கொழுந்துப் பெண்கள் கை அசையாமல் பார்த்து நின்றார்கள். பூரணி தன் மெல்லிய விரல்களை விட்டு இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வீரய்யா அடிக்குழாயைத் திறந்து, தெளிநீர் வரும்வரை அலசினான். மூன்று நடை தண்ணீர் பிடித்தது.

பிறகு கார் ஏறியது. மூடியிலிருந்த, சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் போகவேயில்லை. உச்சியில் துரை இறங்கி, பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கார் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்றார்.

திரும்பும்போது பூரணி வழியில் நின்றாள். நிற்காமல் ஏறிவிட்டதென்று வீரய்யா சொன்னான்.

"பாத்தியா, வேப்பிலை வேல செஞ்சிருச்சு," என்றாள், எட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்து.

"ஆமாக்கா," என்றான் வீரய்யா.