விநாடிக்குப் பதினெட்டு

"பாரடி நிரோ, எங்கட குடும்பமே எறும்பு கடிச்ச மாதிரி ஓடுது" என்று அம்ரா சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன்.

1981இல் அவளுடைய மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த சின்னக் கமராவில் எடுத்த சத்தமில்லாத படம் அது. எடுத்தது விநாடிக்கு இத்தனை பிரேம், அதாவது இத்தனை தனிப் படம், என்ற ஏதோ ஒரு கணக்கில். பிறகு சீடியில் ஏற்றியவர்கள் யோசிக்காமல் இருபத்தைந்தாக ஓடவிட்டிருந்தார்கள். வேகத்தை மாற்றினால் போதும், படத்தில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் சரியான வேகம் எது? பதினாறா, பதினெட்டா? அது தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கடைசிக் காட்சியில் விடை இருந்தது. கிண்ணியா இறங்குதுறையிலிருந்து அம்ராவின் சாச்சா, அவளுடைய வாப்பாவின் தம்பி அஸாம், பதினைந்து வயது, தண்ணீரில் குதிக்கிறார். அதற்குப் பிறகு அவர் மேலே வரவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி உயரத்தை அளந்தேன். பத்தடி. அவ்வளவு உயரம் விழ முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூட ஆகும். அவர் விழுவது பதினான்கு பிரேமில் இருந்தது. அப்படியென்றால் விநாடிக்குப் பதினெட்டு! தனியாகக் கை தட்டினேன்.

மாற்றிய படத்தை அம்ராவுக்கு அனுப்பினேன். அவள் முழுதாகப் பார்க்காமலே குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, வாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஓர்ஸ் ஹில்லில் என் அறைக்கு வந்தாள்.

ஸஹாப்தீன் அங்கிள் கதிரையின் நுனியில் இருந்தார். அம்ராவின் வாப்பா; அஸாமுக்கு மூத்தவர், நானா. தம்பி மூழ்கும்போது பார்த்துக்கொண்டு நின்றான் என்று ஊர் சொன்னது அவரைத்தான்.

திரையில் மனிதர்கள் மனிதர்களாக நடந்தார்கள். அஸாம் குதித்தார். கரையில் பத்தொன்பது வயது ஸஹாப்தீன் நின்றார். முன்பு பதினாறு விநாடி நின்றவர் இப்போது இருபத்திரண்டு விநாடி நின்றார்.

"இதுதான் சரியா, மகள்?"

"ஓம் அங்கிள், சந்தேகமே இல்ல. அவர் விழுற நேரத்தை வச்சுத்தான் கணக்குப் பாத்தனான்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"அந்த இடத்த திரும்பப் போடுங்க."

போட்டேன். பழைய வேகத்தில், கரையில் நின்ற ஸஹாப்தீன் பதறிக் கையை உதறுவதுபோல இருக்கும். இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றினார். அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, கீழே வைத்தார். பிறகுதான் குதித்தார்.

அம்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சவூதியால வந்த மச்சான் தந்த புது மணிக்கூடு" என்றார் அங்கிள். "அவன் அடியில ஒளிச்சு விளையாடுறான் எண்டு நெனச்சன். பொறகு, இல்லயெண்டு வெளங்கின பொறகும் கழட்டினன். சீடிய உம்மாக்குப் போட்டுக் காட்டினன். 'நீ பதறித்தானே போயிரிக்காய் மகன், ஊரார் பொய்தான் சொல்லியிரிக்காங்க' எண்டு என்ட கையப் புடிச்சிட்டு அழுதா. நான் ஒண்டும் சொல்லல்ல. அவ மௌத்தாகிக் கண்ண மூடுமட்டும் சொல்லல்ல."

"பழைய மாதிரியே மாத்தடி" என்றாள் அம்ரா என்னிடம். "ஏலும்தானே?"

ஏலும். ஓர் இலக்கத்தை மாற்றினால் சரி. அதற்குள் அவளுடைய போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. குழுவில் மாமியின், அங்கிளுடைய அக்காவின், குரல் பதிவு. அவளுடைய விரல் பட்டு, நிறுத்துவதற்குள் ஓடிவிட்டது.

"அல்லாஹ், அஸாம் சிரிக்கிற சிரிப்பப் பாருங்களன்... தம்பி, நீ கையில என்னத்தக் கழட்டுறாய்?"

"டிலீட் பண்ணட்டா, வாப்பா?"

"ராத்தா பாத்திட்டா தானே."

அவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, ஒரு விரலால் எழுதத் தொடங்கினார். 'மணிக்கூடு' என்ற சொல் வரைக்கும் நான் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.