நனையாத வீடு

கணக்கில் அக்கா மகளுக்குத் தொண்ணூற்றொன்று, தன் மகளுக்கு நாற்பத்து மூன்று என்று தெரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது வருத்தமல்ல, வயிற்றெரிச்சல். அக்கா வீட்டுச் சமையலறையில் நின்று, அக்கா வாங்கிய அரிசியைக் களைந்துகொண்டே இப்படித் தோன்றுகிறதே என்று தன்மீதே அருவருப்பும் வந்தது.

ஆற்றோரத்து வீட்டை வெள்ளம் கொண்டுபோனபின் மகளும் அவளும் இங்கேதான். இரண்டு பெண்களும் பத்தாம் வகுப்பு, ஒரே பள்ளி. வெள்ளம் வரும்வரை வகுப்பில் முதலில் வந்தவள் இவள் மகள். அக்கா மகள் வாராவாரம் கணக்குக் கேட்க இவள் வீட்டுக்குத்தான் வருவாள். இப்போது அக்கா, சந்தோஷத்தை முந்தானையில் முடிந்துவைத்தவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு நடமாடினாள். போனில் யாரிடமோ, ஏதோ பாஸ் பண்ணிட்டா என்றாள். வாய்விட்டுப் பீற்றிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். டீச்சர் விடைத்தாளைக் காட்டினார். முதல் பாதியில் ஒரு தப்பில்லை. அப்புறம் வெறும் வெள்ளை. நடுவில் மழை பிடித்ததாம். பேனாவை வைத்துவிட்டு, இரண்டு காலையும் பெஞ்சின்மேல் தூக்கிக்கொண்டு, மணியடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

வீட்டுக்கு வந்து மகளைத் தனியாக உட்காரவைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"ஹால் மூணாவது மாடிம்மா. அங்க தண்ணி வராதுன்னு எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியல."

மகளின் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் அடுத்த அறையிலிருந்து அக்கா மகள், ஒரு கணக்குப் புரியவில்லை என்று கூப்பிட்டாள். போகாதே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் பிள்ளை சொல்லிக்கொடுக்க, அவள் பிள்ளை மார்க் வாங்குவதா? மகள் மடியிலிருந்து காலை விலக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"அவசரப்படாத. முதல்ல எது தெரியுமோ அதை எழுது."

தயக்கமில்லாத, பழைய குரல். வெள்ளத்துக்குப் பிறகு இவளிடம் பேசும்போது அது வந்ததே இல்லை. அக்கா மகளிடம் மட்டும் எப்படி வருகிறது என்று அதற்கும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியாமல் அறை வாசலுக்குப் போனாள். கையில் பாதி துடைத்த தட்டோடு அக்கா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு மார்க்தான் வாங்குவா," என்றாள் அக்கா, இவளைப் பார்க்காமல். "இப்படிச் சொல்லிக்குடுக்க வராது."

அந்தக் குரலிலும் ஏதோ புகைந்தது. அக்கா சற்று ஒதுங்கி இடம் விட்டாள். இரண்டு பேரும் தோளுரச நின்றார்கள். உள்ளே கணக்கு அடுத்த வரிக்குப் போனது.