கரூரிலிருந்து வரவேண்டிய பசி

எங்கள் ஊரில் விருந்துக்கு வருகிறவர்களின் பசி முதல் நாளே வந்துவிடும். ஆள் மறுநாள்தான் வருவார். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் என் கணவர் இளங்கோவுக்கு மட்டும் ஞாபகம் இருக்காது. நாற்பது பேரைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, "பத்மா, சனிக்கிழமை நம்ம தோட்டத்துல பார்பெக்யூ" என்றார். வெள்ளிக்கிழமை பூராவும் நாற்பது பசிகளை வைத்துக்கொண்டு அல்லாடப்போவது அவர் இல்லையே.

அவர் செய்த ஏற்பாடு ஒன்றே ஒன்று. இரும்பு டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கால் வைத்துக் கொண்டுவந்து மாமரத்தடியில் போட்டார். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கோழியைத் தயிரிலும் மிளகாய்த்தூளிலும் ஊறப்போடுவது, சைவக்காரர்களுக்குப் பன்னீர், கரி மூட்டை, வாடகை நாற்காலி எல்லாம் என் தலையில்.

பசிகள் காலையிலேயே வர ஆரம்பித்தன. பசி கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்தால் நாற்காலி அழுந்தும், அவ்வளவுதான். ஆனாலும் எது யாருடையது என்று சொல்லிவிடலாம். பேங்க் மேனேஜருடையது கேட்டைத் திறந்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனது. எதிர்வீட்டு டாக்டரம்மாவுடையது வாசல் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவியது. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் யூஜினியா ஒரே பார்வையில் அசெம்பிளியை அடக்குவார். அந்தப் பார்வையை நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் காட்டியதும் எல்லாம் தோட்டத்து நாற்காலிகளில் போய் வரிசையாக உட்கார்ந்தன.

அவற்றுக்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு பிஸ்கட் கொடுத்தால்கூட மழுங்கிவிடும். மறுநாள் அந்தப் பசியின் சொந்தக்காரர் வந்து, ஒரு துண்டைக் கிள்ளி வைத்துவிட்டு, "அருமை" என்பார். வாசனை காட்டி ஏங்க விடவும் முடியாது. போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாளே பிரியாணி தாளித்துவிட்டார்கள். பசிகள் பொறுக்கமாட்டாமல் திரும்பிப் போய்ச் சொந்தக்காரர்களையே தின்னத் தொடங்கின. ஒரு பெரியவர் விருந்துக்கு வந்தபோது இடுப்புக்கு மேலேதான் இருந்தார். பாவம், பந்தியில் அவருக்குக் குஷன் போட வேண்டியிருந்தது.

அதனால் கோழி ஊறிய பேசினை ஈரத்துணியால் மூடி, அதன் மேல் பலகை வைத்து, பலகை மேல் அம்மிக்குழவியையும் வைத்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் எல்லா நாற்காலியும் அழுந்திவிட்டது, ஒன்றைத் தவிர.

அது தமயந்தி அண்ணியின் நாற்காலி. இளங்கோவின் அக்கா, கரூரில் இருக்கிறார். எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவருடைய பசி ஒருமுறைகூட என் வீட்டுக்கு வந்ததில்லை. அவர் மட்டும் வருவார், அரை இட்லியைப் பிய்த்துவிட்டு, "பசியே இல்லம்மா" என்று தட்டை நகர்த்துவார். அந்தச் செய்தி மறுநாளே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போய்விடும். இந்த முறையும் அவர் சாப்பிடாமல் போனால், இனி இந்த வீட்டில் விருந்து என்ற பேச்சே கிடையாது என்று முடிவு செய்திருந்தேன்.

கரூருக்கு போன் போட்டேன்.

"அண்ணி, உங்க பசி இன்னும் வரலையே."

"அனுப்பிட்டேனே பத்மா. காலையிலேயே பஸ் ஏத்திவிட்டேன். வழியில எங்கயாவது நின்னிருக்கும்."

இளங்கோ டிரம்மைத் துடைத்துக்கொண்டே, "அக்காவுக்கு அல்சர்" என்றார்.

"தம்பி பொண்டாட்டி வீட்டுக்கு வந்தா மட்டும் வர்ற அல்சர்."

அவர் டிரம்மின் அடிப்பக்கத்தைத் துடைக்கக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை மத்தியானமும் அந்த நாற்காலி அழுந்தவில்லை. கரியில் நெருப்புப் பிடித்துவிட்டது. விருந்து நாளில் வீட்டுக்காரியின் பசியைச் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உட்காரவைப்பது வழக்கம். என்னுடையதும் அங்கேதான் இருந்தது. பரம சாது. அதன் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அண்ணியின் நாற்காலியில் உட்காரவைத்தேன். நாற்காலி லேசாக அழுந்தியது.

சாயங்காலம் எல்லோரும் வந்து தங்கள் தங்கள் பசியின் மேல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் முகம் மாறும், கை தட்டைத் தேடும். பேங்க் மேனேஜர் பன்னீரை விட்டுவிட்டு லெக் பீஸுக்குத் தாவினார். கடைசியாக அண்ணி வந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நான் தட்டை நீட்டினேன்.

அண்ணி சட்டென்று எழுந்தார். "நீ கொண்டா பத்மா, நான் பரிமாறுறேன்" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காந்து சாப்பிடுங்க அண்ணி."

"எல்லாரும் சாப்பிடட்டும். எனக்கென்ன அவசரம்."

என் பசிக்கு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணி ஒவ்வொரு நாற்காலியாகப் போனார். டாக்டரம்மாவுக்கு எலும்பில்லாத துண்டாகத் தேடி வைத்தார். "இன்னொண்ணு வச்சுக்கங்க" என்று எல்லோரையும் கெஞ்சினார். டிரம்மில் இருந்தது குறைந்துகொண்டே வந்தது. அவர் வாயில் ஒன்றும் போகவில்லை. நானும் ஒன்றும் தின்னவில்லை. பசிதான் என்னிடம் இல்லையே.

கடைசிக் கார் கிளம்பியபோது தோட்டத்தில் அண்ணியைக் காணோம். சமையலறையில் இருந்தார். சிங்க் ஓரமாக நின்றபடி, ஆறிப்போன கோழிக் கழுத்தை வைத்து, சுட்டதை எடுத்து வைத்திருந்த பேசினில் ஒட்டியிருந்த மசாலாவை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார். கருகிய பன்னீரையும் விடவில்லை. விரலைக்கூடச் சூப்பினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். பிறகு பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கரூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அண்ணி என் வீட்டில் சாப்பிட்டார். அதை நானும் சிங்க்கும் மட்டும்தான் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதன் பின்சக்கரங்கள் பாதி மண்ணுக்குள் இருந்தன. "கரூர் பார்சல், பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க" என்றார் டிரைவர். பதினெட்டு வருஷத்துப் பசியும் ஒன்றாக இறங்கி, கேட்டை உரசிக்கொண்டு உள்ளே வந்து, சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. நாற்காலி நாலு பக்கமும் விரிந்தது.

நான் போய் அதன் மேல் உட்கார்ந்தேன்.

"ஏங்க, தோசை. நெய் ஊத்தி, முறுகலா. ஆறிப்போனா எனக்கு வேண்டாம்."

இளங்கோ அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இருந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினேன்.

முதல் தோசை பாதி உள்ளே போனபோது போன் அடித்தது. அண்ணிதான்.

"பத்மா, எல்லாரும் சாப்பிட்டாச்சு, இப்பத்தான் நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டேன். என் பசி அங்க வந்துச்சா?"

வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினேன்.

"இன்னும் வரலையே அண்ணி. வழியில எங்கயாவது நின்னிருக்கும்."

இளங்கோ அடுத்த தோசையைக் கொண்டுவந்து வைத்தார். ஓரம் கொஞ்சம் ஆறியிருந்தது. தட்டை நகர்த்தினேன்.