முதல் கோடு

குமிழி நடுவில் நிற்க மறுத்தது. நாற்காலியில் சாய்த்து வைத்த கான்வாஸின் மேல் ரசமட்டத்தை அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கிப் பார்த்தார். கை நடுக்கம் அடங்கவில்லை. கட்டிலிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் ஓவியர். அவள் படங்களில் மலைகள் துவைத்துப் போட்ட துணி போல மடிந்து கிடக்கும். ஆறு செங்குத்தாக எழுந்து நிற்கும். மரங்கள் வேரை உதறிக்கொண்டு கிளம்பும். பூமியோடு அவளுக்கு என்ன சண்டை என்று ஒரு கண்காட்சியில் யாரோ அவரிடமே கேட்டார்கள். ஒவ்வொரு படமும் அவர் கரியால் இழுத்துக் கொடுக்கும் தொடுவானக் கோட்டில்தான் தொடங்கும் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. மயிரிழை பிசகினாலும் மறுபடி போடச் சொல்வாள். எப்படியும் கோணலாக்கப் போகிறவளுக்கு நேர்கோடு எதற்கு என்று கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டு, அன்று முழுக்கத் திட்டு வாங்கினார். ஆனால் அவள் வந்த பிறகு எந்த மலையும் அவருக்கு வெறும் உயரமாக இருந்ததில்லை.

இன்று காலை கண் விழித்ததும் கோடு போடச் சொன்னாள். தூரிகை பிடிக்க அவள் கையில் வலுவில்லை. மகளை உடனே வரச் சொல்லும்படி மருத்துவர் நேற்றே சொல்லிவிட்டார். இந்தப் படம் வளராது என்று இருவருக்கும் தெரியும். கொடுப்பதற்கு அவரிடம் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். அது சரியாக வர வேண்டும்.

கரியை இழுத்தார். பாதிவரை நன்றாக வந்தது. பிறகு ரசமட்டம் நழுவ, கோடு கீழே சறுக்கி, பதறி மேலே ஏறி, ஓரத்தில் போய் விழுந்தது.

துணியை எடுத்தார்.

"அழிக்காதீங்க."

"கோணலாப் போச்சு."

"என் வேலையையும் நீங்களே முடிச்சிட்டீங்க."

அவள் சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. பிறகு கிட்டே கொண்டுவரச் சொன்னாள். கான்வாஸை அவள் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். ஒரு விரலால் கோட்டை மெல்லத் தொட்டுக்கொண்டே போனாள். சறுக்கிய இடத்தில் இறங்கி, ஏறி.

"நல்லா இருக்குங்க. நீங்க நேரா போட்டுக் குடுத்ததாலதான் எனக்கு வளைக்க ஏதோ இருந்துச்சு."

அவருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கண்ணை மூடினாள். விரல் கோட்டின் ஓரத்தில் நின்றது. கை நழுவி விழுந்த பிறகும் அவர் கான்வாஸைப் பிடித்தபடியே இருந்தார்.

மகள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுது ஓய்ந்தபின் அவள் துணியை வெந்நீரில் நனைத்து அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். கைக்கு வந்ததும் நின்றாள்.

"அப்பா, விரல்ல கரி. எடுத்துடட்டுமா?"

"வேணாம்மா. அவ வேலையில இருந்தா."

மகள் துணியைத் திருப்பிப் பிடித்து, அடுத்த விரலைத் துடைத்தாள்.